விரலை வச்சுக் கேளுங்க

அக்கா ஒரு அரபுத் தாளை யாருக்கும் சும்மா நீட்டியது கிடையாது. முதலில் அதைக் கண்ணாடி மேசையில் விரித்து வைப்பார். வாங்க வந்தவர் பெண் என்றால் அவருடைய வலது கையைப் பிடித்து, சுட்டுவிரலை முதல் வரியின் வலது ஓரத்தில் ஊன்றிவிடுவார். ஆண் என்றால் கையைத் தொடமாட்டார். கோடு போடும் அடிமட்டத்தின் நுனியால் இடத்தைக் காட்டுவார். "விரலை வச்சுக் கேளுங்க" என்பார். விரல் வலமிருந்து இடமாக நகர நகர, அந்த வரி என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். ஒரு வரியைக்கூட விடமாட்டார். வந்தவருக்குப் பஸ் போய்விடும் என்றாலும், வெளியே வரிசை நின்றாலும், மாமா தொண்டையைச் செருமினாலும் அவர் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போவார்.

மாமா என்பது என் உம்மாவின் தம்பி. பதுளை பஸ் நிலையத்துக்குக் கீழே இறங்கும் ஒழுங்கையில் அவருக்கு ஒரு சின்ன அச்சகம். கலியாண அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், கடை நாட்காட்டி, போட்டோ கொப்பி, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் விண்ணப்பங்கள் என்று எல்லாம் நடக்கும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் நான் அடிப்பேன். அரபு வந்தால் மட்டும் எனக்கு வியர்க்கும்.

சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து வயதிலிருந்து குர்ஆன் ஓதியவன் நான். எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் தடக்காமல் ஓதுவேன். அர்த்தம் கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். ஊரில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் என்பதால் இது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை, அக்கா வரும்வரைக்கும்.

அவர் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளி, பிறகு வீட்டு வேலைக்கு வளைகுடா போய், ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் கடைக்கு வந்தது ஒரு அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க. அன்றைக்கு நான் ஒரு நிக்காஹ் அழைப்பிதழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அழைப்பிதழ் வடிவமைக்கும் எங்கள் பழைய மென்பொருளுக்கு வலமிருந்து இடம் என்றால் என்னவென்றே தெரியாது. அதில் அரபைக் கொண்டுவந்து ஒட்டினால் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று, வரிசையும் மாறி, கடைசி எழுத்து முதலில் வந்து நிற்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அது எல்லாம் கைய விட்டுட்டுத் தனித்தனியா நிக்குதே. ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டுல்ல நிக்கணும்?"

"தெரியும் அக்கா. எப்படிச் சேர்க்கிறதுன்னுதான் தெரியல."

"அதுல அடிக்காதீங்க. கடுதாசி அடிக்கிறதுல அடிச்சு, படமா மாத்தி, அந்தப் படத்தக் கொண்டாந்து ஒட்டுங்க."

அவர் வேலை செய்த வீட்டு அம்மாள் வீட்டிலிருந்தபடியே அத்தர் விற்றவராம். ரசீதும் முகவரிச் சீட்டும் அடிப்பது போகப்போக அக்காவின் தலையில் விழுந்ததாம். எழுத்துப் படித்தது அந்த வீட்டுக் கடைக்குட்டியின் பாலர் பாடப் புத்தகத்திலும், சலவைத்தூள் பெட்டிகளிலும். ஒரு வாரம் கழித்து மாமா அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். வந்த முதல் நாளே விசைப்பலகையின் ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில், சிவப்பு நகப்பூச்சால் அரபு எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்.

மாமா ஒரு பலகைத் தட்டி அடித்து அதற்குப் பின்னால் அவரை உட்காரவைத்தார். நெற்றியில் பொட்டு வைத்த பெண் அரபு அடிப்பதைக் கண்டால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்பது அவர் பயம். ஒருமுறை மௌலவி ஒருவர், மத்ரஸாவின் சான்றிதழ் ஒன்றைச் சரிபார்க்க வந்தவர், தட்டிக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்துவிட்டார். மாமாவுக்கு முகம் வெளுத்துப்போனது. மௌலவி தாளை இரண்டு தரம் வாசித்தார். "ஒரு பிழையும் இல்லயே. இவங்களயே அடிக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் மாமா தட்டியைக் கழற்றவில்லை. தாளை வாசித்துக் காட்ட மட்டும் அக்கா முன்னால் வருவார்; அடிப்பது தட்டிக்குப் பின்னால்தான்.

அரபு எழுத்து விழுந்த தாளை எங்கள் கடையில் குப்பையில் போடுவதில்லை. காலில் மிதிபடக் கூடாது. பிழையாக விழுந்த பிரிண்ட், மை காய்ந்த பிரிண்ட் எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் சேர்த்து, நிறைந்ததும் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர்கள் மரியாதையாக எரித்துவிடுவார்கள். ஒரு நாள் தரையில் கிடந்த ஒரு தாளை நான் பாய்ந்து எடுத்து, கண்ணில் ஒற்றிச் சாக்கில் போட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, அது கக்கூஸ் கழுவுற மருந்து எப்படிப் பாவிக்கிறதுன்னு போட்டிருக்கிற தாள்."

எனக்குச் சுருக்கென்றது. சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்றைக்கு விழுந்த ஒரு சின்ன முள் உள்ளேயே தங்கிவிட்டது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். எங்கள் எழுத்தை எங்களுக்கே வாசித்துக் காட்ட ஒரு தோட்டத்துப் பெண் வேண்டியிருக்கிறதே என்ற முள்.

திரையை அவர் நம்பவே மாட்டார். "இங்க நல்லாத்தான் நிக்கும். வேற கம்பியூட்டர்ல தொறந்தா ஓடிப்போயிரும்" என்பார். தொலைபேசி இலக்கத்தை அரபு வரிக்கு நடுவில் வைக்க விடமாட்டார். நடுவில் கோடு போட்ட இலக்கம் என்றால் துண்டு துண்டாக இடம் மாறிவிடும் என்று தனி வரியில்தான் போடுவார். தாளில் இறங்கிய பிறகு, விரல் வைத்துக் கேட்ட பிறகு, அப்புறம்தான் கையெழுத்து.

பசறையிலிருந்து ஒரு இளம் பெண் வந்தாள். இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகப்போகிறவள். ஏஜென்சி கொடுத்த ஒப்பந்தத்தை இரண்டு கொப்பி எடுக்கத்தான் வந்தாள். அக்கா தட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, கேட்காமலே அவள் விரலைப் பிடித்து வைத்தார். ஆறாவது வரியில் நின்றார்.

"தங்கச்சி, ஒனக்கு எத்தன வீடுன்னு சொன்னாங்க?"

"ஒரு வீடுதாங்க்கா."

"தமிழ்த் தாள்ல அப்படித்தான் இருக்கு. இதுல அந்த வீட்டையும், அந்த வீட்டு அம்மாவோட தாய் வீட்டையும் பாக்கணும்னு போட்டிருக்கு."

அந்தப் பெண் ஆறாவது வரியை விரலால் இன்னொரு தரம் தடவினாள். பிறகு, "போகாம இருக்க முடியாதுக்கா" என்றாள். அங்கேயே பேனை கேட்டு வாங்கிக் கையெழுத்தைப் போட்டாள். மாமா உள்ளேயிருந்து, "இதுக்குத்தானா இவ்வளவு நேரம் மினக்கெட்டது?" என்று முணுமுணுத்தார். "தெரிஞ்சு போடுறா மொதலாளி. அது போதும்" என்றார் அக்கா.

ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று ஒரு மழை நாளில் கேட்டேன். அவர் தட்டச்சு செய்துகொண்டே சொன்னார்.

"ரெண்டு வருசம் முடிஞ்சதும் ஊருக்குப் போற தாள்னு ஒண்ணக் குடுத்தாங்க. கைநாட்டு வச்சேன். அது இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சம்மதம்னு எழுதின தாள். அப்ப எனக்கு எழுத்துத் தெரியாது. அப்படிக் கூட இருந்த அந்த ரெண்டு வருசத்துலதான் எங்கம்மா செத்துப்போச்சு."

அவ்வளவுதான்.  அடுத்த வரியை அடிக்கப் போய்விட்டார்.

மடுல்சீமையிலிருந்து அந்தப் பெரியவர் வந்தது ஒரு ஐப்பசியில். மலை முழுக்க மழை. நனைந்த சேட்டுக்குள்ளிருந்து பொலித்தீன் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே அவருடைய மகளின் பாஸ்போர்ட் பிரதி. மகள் வளைகுடாவில் வேலை செய்த வீட்டில் இறந்துவிட்டாள். மாடிப்படியில் விழுந்தாள் என்று சொன்னார்களாம். அவருக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் அதைக் கேட்க அவருக்கு யாரும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.

"எம்புள்ளைய இங்க கொண்டாந்து குடுத்துட்டாப் போதுங்க. அதோட அம்மா குழிக்குப் பக்கத்துல எடம் சொல்லி வச்சிருக்கேன். தோட்டத்துத் தொரையும் சரின்னுட்டாரு."

அங்கேயிருந்து ஏஜென்சிக்கு ஒரு படிவம் வட்ஸ்அப்பில் வந்திருந்தது. படம் மங்கலாக இருந்ததால் புதிதாக அடித்து, விவரம் நிரப்பி, தகப்பனின் கையெழுத்தோடு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அக்கா அடித்தார். அந்தப் படிவத்தின் நடுவில் ஒரே வரிசையில் நான்கு கட்டம். வலது ஓரத்தில் 'உடலை ஊருக்கு அனுப்பவும்' என்ற சொற்கள். அதற்கு இடப்பக்கம் சரி அடையாளம் போட ஒரு பெட்டி. அதற்கும் இடப்பக்கம் 'இங்கேயே அடக்கம் செய்யவும்'; அதற்கு இடப்பக்கம் இன்னொரு பெட்டி. வலமிருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல் முதலில், அதன் பெட்டி பிறகு. அக்கா முதல் பெட்டியில் சரி போட்டார். பிரிண்ட் எடுத்து, அடிமட்டத்தால் காட்டிக் காட்டிப் பெரியவருக்கு வாசித்தார். அவர் இரண்டு தரம் கேட்டார். "ஊருக்குன்னுதானே போட்டிருக்கு?" "ஊருக்குன்னுதான் ஐயா."

கையெழுத்துப் போடுமுன் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. பெயர், பாஸ்போர்ட் இலக்கம், விலாசம் மூன்றும் அரபுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் வேண்டுமாம். அதே நேரம் கொஸ்லந்தைப் பாதையில் மண் சரிகிறது, பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். முன்பு லயங்களே மண்ணுக்குள் போன அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மண் சரிவு என்றால் வேறு பேச்சே கிடையாது, எல்லாரும் ஓடுவார்கள். அக்கா குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இங்கிலீசு சேத்தா எல்லாம் ஆடும். நாளைக்குக் காலையில வந்து பாத்துட்டுக் குடுக்கிறேன். அது வரைக்கும் கையெழுத்து வாங்காதீங்க."

"சரி அக்கா" என்றேன்.

பெரியவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். மடுல்சீமைக்குப் போய், மறுநாள் திரும்பவும் இந்த மழையில் வரவேண்டும். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்பது உண்மை. அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். மூன்று வரி ஆங்கிலம் சேர்ப்பதற்கும் எனக்கு அந்தப் பெண்ணின் அனுமதி வேண்டுமா என்று எனக்குள் ஒன்று கேட்டது.

ஆங்கிலத்தைச் சேர்த்தேன். அக்கா சொன்னபடியே ஆடியது. முற்றுப்புள்ளி வரியின் தலையில் போய் நின்றது, பாஸ்போர்ட் இலக்கத்தின் முதல் எழுத்து கடைசிக்கு ஓடியது. என்ன செய்தும் சரிவரவில்லை. கடைசியில் பக்கம் முழுவதையும் இடமிருந்து வலமாகத் திருப்பும் பொத்தானை அழுத்தினேன். ஒரே சொடுக்கு. ஆங்கிலம் ஒழுங்காக நின்றது. அரபு எழுத்துகள் ஒன்றுகூடக் கழலவில்லை, ஒன்றையொன்று பிடித்தபடி அழகாக நின்றன. நடுவிலிருந்த நான்கு கட்டமும் பக்கத்தோடு சேர்ந்து திரும்பியிருந்தன. அதையும் பார்த்தேன். இடது ஓரத்தில் 'ஊருக்கு அனுப்பவும்', அதற்கு அடுத்து சரி போட்ட பெட்டி. பிறகு மற்றச் சொற்கள், அடுத்து வெறும் பெட்டி. தமிழ் வாசிக்கிற கண்ணுக்கு எல்லாம் சரி.

"சரியா இருக்குங்களா தம்பி?" என்று பெரியவர் கேட்டார்.

"அக்கா அடிச்சதுதானே ஐயா. கையெழுத்தப் போடுங்க."

வாசித்துக் காட்டவில்லை. எனக்கு அர்த்தம் தெரிந்தால்தானே. அவர் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அவருக்குப் பஸ் கிடைத்தது.

மண் சரிந்து பாதை மூன்று நாள் மூடியிருந்தது. நான்காம் நாள் அக்கா வந்ததும் கேட்டது அந்தத் தாளைத்தான். போய்விட்டது என்றேன். பிரதியைக் காட்டச் சொன்னார். தேடி எடுக்கிறேன் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அப்படியே.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் வந்தார். தொலைபேசியில் ஒரு படம் இருந்தது. மணல் வெளி, ஒரு சின்ன மேடு, தலைமாட்டில் ஒரு இலக்கம். கேட்டதற்கு, நீங்கள்தானே இங்கேயே அடக்கம் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஏஜென்சியில் அவரைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தாளின் பிரதி அவர் கையில் இருந்தது.

அக்கா அதை வாங்கி மேசையில் விரித்தார். அடிமட்டத்தை எடுத்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். மகளின் பெயர், பாஸ்போர்ட், இறந்த தேதி, தகப்பனின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டங்கள் இருந்த வரியில் அடிமட்டம் நின்றது. வலமிருந்து வாசிக்கும்போது முதலில் ஒரு வெறும் பெட்டி வந்தது. அடுத்து 'இங்கேயே அடக்கம் செய்யவும்'. அதற்கு ஒட்டினாற்போல இடப்பக்கம், நான் அப்படியே விட்ட சரி அடையாளம்.

"ஐயா, இந்தத் தாள் உங்க புள்ளைய அங்கயே அடக்கம் பண்ணச் சொல்லுது" என்றார்.

மாமா எழுந்து வந்தார். "அங்க உள்ளவங்க மாறி விளங்கியிருக்காங்க பெரியவர். நாங்க சரியாத்தான்..."

"இல்லைங்க மொதலாளி. பிழை இந்தக் கடையிலதான் நடந்திருக்கு."

சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. நான் பேசுவதற்கு இடம் விட்டுப் பேசாமல் நின்றார். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். மாமா வீட்டுக்கு அனுப்புவாரா, ஊரில் என்ன பேசுவார்கள், ஓதப் படித்தவன் இதைக்கூட வாசிக்கவில்லையா என்று கேட்பார்களே என்றெல்லாம் மனம் ஓடியது. அந்தத் தகப்பனைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை என்பதுதான் அசிங்கம்.

"நான் அடிச்ச தாள் ஐயா. பாக்காம போயிட்டேன்" என்றார் அக்கா.

அவரைப் பொறுத்தவரை அது முழு உண்மை. தன் கண் படாமல் ஒரு தாள் வெளியே போனால் குற்றம் தன்னுடையதுதான் என்று நினைக்கிற ஆள் அவர். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

பெரியவர் அழவில்லை. "இப்ப மாத்தி எழுதிக் குடுத்தா தருவாங்களா?" என்று கேட்டார்.

"தரமாட்டாங்க ஐயா. பொதச்சதத் தோண்ட விடமாட்டாங்க."

"அப்ப அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துரச் சொல்றேன்" என்றார். தாளை மடித்துப் பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்று பின்னேரம் மாமா அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்றார். அக்கா தேநீர்க் கோப்பையைக் கழுவிப் பைக்குள் வைத்தார். போகும்போது என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பக்கத்தத் திருப்பினது எந்தப் பட்டன் தம்பி?"

காட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்தார். "இதுவா" என்றார்.  அவர் திரும்பவும் வெளிநாட்டுக்கே வீட்டு வேலைக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தட்டிக்குப் பின்னால் இப்போது தாள் அடுக்கி வைக்கிறோம். அரபு வேலை வந்தால் மாமா கண்டிக்கு அனுப்புகிறார்.

போன மாதம் ஒரு பாடசாலைக்கு நாட்காட்டி கொடுக்கப் பசறைக்குப் போனேன். பஸ் நிலையத்தில் ஒருவர் என் தோளைத் தொட்டார். மடுல்சீமைப் பெரியவர். ஆள் பாதியாகியிருந்தார். என்னை மறக்காமல் வைத்திருந்தார். அவர் கணக்கில், மழைக்குள் அலைய விடாமல் அன்றைக்கே வேலையை முடித்துக் கொடுத்த தம்பி நான்.

"கடையில அந்தப் பொம்பள இருக்குங்களா?"

"இல்லைங்க ஐயா. நிப்பாட்டியாச்சு."

"பாவம். எனக்கு அது மேல கோவம் இல்லைங்க தம்பி. நம்ம தோட்டத்துப் பொம்பள, அதுக்கென்ன தெரியும்? தெரிஞ்சது போல நெனச்சிக்கிட்டு அடிச்சிருச்சு. ஓதிப் படிச்சவங்க நீங்க. நீங்க அடிச்சிருந்தா எம்புள்ள இங்க வந்திருக்கும்."

மடுல்சீமை பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அவருடைய அரிசிப் பையை வாங்கி, முன்னால் ஒரு இருக்கையில் போட்டு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவர் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"என்னங்க தம்பி, நான் சொல்றது சரிதானுங்களே?"

"ஆமாங்க" என்றேன்.